நடக்கும் வேதாளத்தின் செருப்பு

புணே நகரின் மேற்குப் பகுதியில் வேதாள் டேகடி என்றொரு குன்று இருக்கிறது. நகர எல்லைக்குள் அதுவே மிக உயரமான இடம். ஆய்வேட்டின் ஓர் இயல் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் மாலைகளில் நான் அங்கே ஏறிச் செல்வது வழக்கம். உச்சியில் வேதாளருக்குச் சிறியதொரு கோயில். நடைப்பயிற்சிக்கு வருவோர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கணம் நின்று கும்பிட்டுச் செல்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த புதிதில் இது எனக்கு வியப்பாக இருந்தது. நான் அறிந்த வேதாளம் முருங்கை மரத்தில் தொங்குவது. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொல்வது. அதை எவரும் கைகூப்பித் தொழுது நான் பார்த்ததில்லை.

நான் அறிந்த இன்னொரு வேதாளமும் உண்டு. மாமா வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பள்ளி விடுமுறை நாட்களில் அதுவே என் நூலகம். உள்ளே அட்டை கிழிந்த காமிக்ஸ் இதழ்கள். முத்து காமிக்ஸில் முகமூடி அணிந்த ஒருவர் வெள்ளைக் குதிரையில் வருவார். அவர் பெயர் வேதாளர். ராணி காமிக்ஸிலும் முகமூடி அணிந்த ஒருவர் வெள்ளைக் குதிரையில் வருவார். அவர் பெயர் மாயாவி. போதாததற்கு, இரும்புக்கை மாயாவி என்று முற்றிலும் வேறொருவர் அதே பெட்டியில் இருந்தார். வேதாளரும் குதிரையேறும் மாயாவியும் அண்ணன் தம்பியாக இருக்கக்கூடும் என்பது என் துணிபு. ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். "ரெண்டும் ஒரே ஆளுதான், பேருதான் வேற" என்றார். அன்று அடைந்த ஏமாற்றம் இன்றும் நினைவிருக்கிறது. பெயர் மாறினால் ஆளும் மாறிவிடுவதாகவே எனக்குத் தோன்றியது. மொழியியல் படித்த பிறகும் அந்த எண்ணத்தை நான் முழுதாகக் கைவிட்டுவிடவில்லை.

அந்த 'ஒரே ஆள்' ஃபேண்டம். 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய சித்திரத்தொடரின் நாயகன். சூப்பர்மேன் பிறந்தது 1938இல், பேட்மேன் 1939இல். உடலோடு ஒட்டிய ஆடை, கண்மணி தெரியாத முகமூடி என்னும் வேடத்தை அவர்களுக்கு முன்பே அணிந்தவன் இவன். ஆனால் பிறந்த நாட்டில் பின்வந்த இருவரின் நிழலில் மங்கிப்போனான். அவன் செழித்து வாழ்ந்தது வேறிடங்களில். ஆஸ்திரேலியாவில் 1948 முதலும் சுவீடனில் 1950 முதலும் அவன் பெயரிலேயே இதழ்கள் வருகின்றன. மூன்றாவது பெரும் வாழிடம் இந்தியா. இங்கே அவன் ஏன் இத்தனை காலம் நிலைத்தான் என்பதே இப்பதிவின் வினா.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று: ஓவியம் நன்றாக இருந்தது, விலை மலிவாக இருந்தது, இளமை நினைவு இனிக்கிறது. மூன்றும் உண்மையே. ஆயினும் அதே காலத்தில் அதே விலையில் வந்த வேறு பல நாயகர்கள் மறக்கப்பட்டுவிட்டார்கள். ஆகவே இவை போதா. என் விடை வேறு: இந்திய மொழிகளின் மொழிபெயர்ப்பாளர்கள் அவனுக்கு இட்ட பெயரே அவனை இங்கே வாழவைத்தது. அப்பெயர் ஒன்றைக் கொடுத்தது; இன்னொன்றை மறைத்தது. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் கதை. லீ ஃபால்க் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். 1934இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் அடுத்து ஃபேண்டமையும் படைத்து, 1999இல் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தவர். முதலில் வரைந்தவர் ரே மூர். பின்னர் வில்சன் மெக்காய். 1960களின் தொடக்கத்திலிருந்து மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் சை பேரி. இந்தியர்களின் நினைவில் நிற்கும் முகம் பெரும்பாலும் சை பேரி வரைந்ததே.

தொன்மக்கதை இப்படிப் போகிறது. 1536இல் ஒரு கப்பலைக் கடற்கொள்ளையர் தாக்குகிறார்கள். கப்பல்தலைவனின் மகன் மட்டும் உயிர்தப்பிக் கரை ஒதுங்குகிறான். பாண்டார் என்னும் குள்ள உருவக் காட்டுமக்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது கைவைத்து, கொள்ளையையும் கொடுமையையும் எதிர்த்துத் தானும் தன் வழித்தோன்றல்களும் போராடுவதாக அவன் சூளுரைக்கிறான். அவனுக்குப் பின் அவன் மகன் அதே உடையை அணிகிறான், பின் பேரன். வெளியுலகம் இந்தக் கைமாற்றத்தை அறியாது. நானூறு ஆண்டுகளாக ஒரே ஆள் சாகாமல் உலவுவதாக நம்புகிறது. நாம் படிக்கும் கதைகளின் நாயகன் இருபத்தொன்றாமவன். மண்டையோட்டுக் குகைக்குள் இருபது முன்னோரின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன.

இத்தொடரின் ஈர்ப்பு முழுவதும் இந்த ஒரு மறைபொருளில் அடங்கியிருக்கிறது. காட்டுக்கும் கொள்ளையருக்கும் அவன் சாவில்லாத ஆவி. நமக்கோ முதுகுவலியும் காதலும் உள்ள மனிதன். கதைக்குள் மிகச்சிலரே அறிந்த செய்தியை, காசு கொடுத்து இதழ் வாங்கிய பத்து வயதுச் சிறுவன் அறிந்திருக்கிறான். வாசகனை இப்படித் தன் உட்சுற்றுக்குள் சேர்த்துக்கொண்ட படக்கதைகள் குறைவு.

இந்தியாவுக்கு அவன் 1940களில் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' வழியாக, ஆங்கிலத்தில் வந்தான். வீட்டுக்குள் வந்தது 1964 மார்ச்சில். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே ஃபேண்டம் கதைதான். முதல் 32 இதழ்களும் அவனுக்கே. அதன்பிறகே மாண்ட்ரேக், ஃபிளாஷ் கார்டன் முதலியோருக்கு இடம் கிடைத்தது. 1990இல் நின்றுபோகும்வரை எண்ணூறுக்கும் மேற்பட்ட இதழ்கள், பல இந்திய மொழிகளில். இந்திரஜால் பணியில் ஈடுபட்டிருந்த அனந்த் பை 1967இல் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். ஆபித் சுர்தி படைத்த 'பகதூர்' என்னும் இந்திய நாயகன் 1976இல் இந்திரஜால் இதழிலேயே பிறந்தான். இந்தியச் சித்திரக்கதையின் வளர்ச்சியில் இந்த முகமூடிக்காரனுக்கு நேரடிப் பங்குண்டு.

இனி, பெயர்.

இந்தியிலும் மராத்தியிலும் அவன் வேதாள். அவனது பட்டப்பெயரான 'நடமாடும் ஆவி' இந்தியில் 'சல்தா ஃபிர்தா பிரேத்' ஆயிற்று. வங்கத்தில் 'ஆனந்தபஜார் பத்திரிகா' அவனுக்கு 'அரண்யதேவ்' என்று பெயர் சூட்டியது, காட்டின் தெய்வம். இந்திரஜாலின் வங்கப் பதிப்போ 'பேதால்' என்றது. தமிழில் வேதாளன், வேதாளர், மாயாவி. அவனுடைய குதிரை இந்தியில் 'தூஃபான்', ஓநாய் 'ஷேரா'. வங்க வாசகருக்கு அந்த ஓநாய் 'பாகா'.

ஃபேண்டம் என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில், 'தோற்றம்' என்னும் பொருளில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும், உள்ளீடு இராது. ராணி காமிக்ஸின் 'மாயாவி' இந்தப் பொருளுக்கு நெருக்கமான பெயர்ப்பு. வேதாளமோ இதற்கு நேர்மாறானது. பதினோராம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளத்தின் இருபத்தைந்து கதைகள் உள்ளன. அங்கே வேதாளம் சுடுகாட்டில் பிறர் உடலுக்குள் புகுந்து குடியிருக்கும் ஓர் உயிர்ப்பு. உடல் அதற்கு வாடகை வீடு.

இப்போது முகமூடிக்காரனின் கதையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஓர் உடை, ஒரு மோதிரம், ஒரு சூளுரை. இவை ஓர் உடலை விட்டு அடுத்த உடலுக்குள் புகுகின்றன. உடல்கள் குகைக்குள் அடங்குகின்றன. உள்ளே குடியிருந்தது தொடர்ந்து நடக்கிறது. இது வெறுந்தோற்றத்தின் கதையன்று. உடல்விட்டு உடல்மாறும் ஒன்றின் கதை. லீ ஃபால்க் இட்ட பெயரைவிட நம் மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட பெயரே கதையின் உள்ளமைப்புக்குப் பொருந்துகிறது. அவர்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் பெயரிட்டார்கள் என்று நான் வாதிடவில்லை. கைக்கு எட்டிய சொல்லை எடுத்திருக்கலாம். ஆனால் ஒரு சொல் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது என்பதே ஒரு வரலாற்றுச் செய்தி.

அது எப்படி அங்கே இருந்தது? வேதாளக் கதைகள் 1805இல் கொல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக 'பைதால் பச்சீசி' என இந்துஸ்தானி உரைநடையாயின. 1847இல் ஈசுவர சந்திர வித்யாசாகர் அவற்றை வங்க உரைநடையில் எழுதினார். தமிழில் விக்கிரமாதித்தன் கதையாக அவை திண்ணைதோறும் புழங்கின. பிறகு அம்புலிமாமா. வாளேந்திய மன்னன் தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் ஓவியர் சங்கரின் படத்தைப் பார்க்காமல் வளர்ந்த தலைமுறை குறைவு. 1985இல் தூர்தர்ஷனிலும் 'விக்ரம் ஔர் பேதால்' வந்தது. ஒரே வீட்டில், ஒரே மேசைமீது, அம்புலிமாமாவின் வேதாளமும் இந்திரஜாலின் வேதாளமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. புதியவன் பழையவனின் பெயரில் கடன்வாங்கி வாழ்ந்தான்.

நூல்களுக்கு வெளியே இன்னும் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். மராட்டியத்தின் சிந்துதுர்க் மாவட்டத்தில், வெங்குர்லாவுக்கு அருகே ஆரவலி என்னும் ஊரில் வேதோபா கோயில் உண்டு. வேதாளர்தான் அங்கே அன்போடு வேதோபா ஆகிறார். அவர் ஊரின் காவல்தெய்வம். இரவில் எல்லையெங்கும் நடந்து ஊரைக் காப்பதாக நம்பிக்கை. நடந்து நடந்து செருப்பு தேய்ந்துவிடும் அல்லவா? எனவே பக்தர்கள் பெரிய தோற்செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். கோவாவின் ஊர்களிலும் பேதாள் என்னும் பெயரில் அவரே காவல்.

நடமாடும் ஆவி! அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் கற்பனையில் கண்ட பட்டப்பெயர், கொங்கணக் கரையில் செருப்புக் காணிக்கையாக ஏற்கெனவே நடப்பில் இருந்திருக்கிறது. இரவில் உலவுவது, தீயோரை அச்சுறுத்துவது, ஊருக்கு அஞ்சாமை தருவது, உருவம் கண்டவர் அரிதாயினும் இருப்பை ஐயுறாதிருப்பது: எல்லாம் பொருந்துகின்றன. மராத்திச் சிறுவன் இந்திரஜால் இதழைத் திறந்தபோது அந்நியன் ஒருவனைக் காணவில்லை. ஊரெல்லையில் நிற்பவரைச் சற்றுப் புதிய உடையில் கண்டான். தமிழ்ச் சிறார்க்கும் இது புதிதன்று. வெள்ளைக் குதிரையேறி இரவில் எல்லை காப்பவர் என்றால் நமக்கு அய்யனார் நினைவுக்கு வருவார். மாமா ஊருக்குப் போகும் வழியில் மண்குதிரைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். குதிரையில் வரும் வேதாளரை நான் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டதற்கு அந்தக் குதிரைகளும் பொறுப்பு.

தமிழ் இலக்கணம் இங்கே ஒரு சிறு வேலை செய்திருக்கிறது. வேதாளம் நமக்கு அஃறிணை. அது மரம் ஏறியது, கதை சொன்னது. இந்தியில் இந்தச் சிக்கலே இல்லை; வேதாள் ஓர் ஆண்பாற்சொல், அவ்வளவுதான். தமிழில் நாயகனை 'வேதாளம் வந்தது' என்று எழுத முடியாது. ஆகவே ஈறு மாற்றப்பட்டது. 'அம்' போய் 'அன்' வந்தது, பின் 'அர்' வந்தது, அது அவராயிற்று. நன்னூல் மனிதரோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தது. முருங்கைமர வேதாளத்துக்கு அந்த வரிசையில் மக்கள் இடம் தரவில்லை. ஒரு காமிக்ஸ் பதிப்பகம் தந்தது. ஒற்றை விகுதியில் பேய் காவலராக உயர்ந்த இந்த நிகழ்ச்சியை எந்த இலக்கண நூலும் குறித்துவைக்கவில்லை.

தொடரின் இன்னொரு மொழி உத்தியையும் சொல்ல வேண்டும். கதை நடுவே 'பழைய காட்டுமொழி' என்று அடிக்கடி ஒரு வாசகம் வரும். நாயகன் சினந்தால் எப்படி இருக்கும், அவன் பார்வை எத்தகையது என்றெல்லாம் அது கூறும். சொன்னவர் யாரெனத் தெரியாது. சொல்லப்பட்டது என்பதே அதன் வலிமை. மொழியியலில் இதைச் சான்றுநிலை என்போம்: ஒரு செய்தியை நான் கண்டு சொல்கிறேனா, கேட்டுச் சொல்கிறேனா என்பதை மொழி அடையாளமிடும் முறை. தொல்காப்பியர் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் முடிக்கும்போது, பேசுபவர் பின்னால் நகர்ந்து மரபு முன்னால் வருகிறது. காட்டுமொழியும் அதே வேலையைச் செய்கிறது. எழுத்தாளர் அன்று காலையில் எழுதிய வாசகம் நானூறாண்டுப் பழமொழியின் எடையோடு நம் காதில் விழுகிறது. வாய்மொழிமரபில் ஊறிய சமூகங்களில் இத்தொடர் எளிதாக வேர்விட இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதுவரை பெயர் கொடுத்ததைச் சொன்னேன். இனி அது மறைத்தது.

நந்துர்பார் மாவட்டத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி என் விடுதியில் இருக்கிறாள். பீலி அவள் தாய்மொழி. பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிவந்த ஓர் இந்தி இந்திரஜாலை என் மேசைமேல் பார்த்து எடுத்துப் படித்தாள். பாதி படித்ததும் கேட்டாள்: "இந்தக் கதையில் நீ யார்?"

புரியவில்லை என்றேன்.

"படிக்கும்போது உன்னை யாராக நினைத்துக்கொள்வாய்?"

"வேதாளராகத்தான். எல்லாருமே அப்படித்தானே?"

"நான் நினைக்கவில்லை. நான் தேடினேன். இதோ, மரத்தடியில் வில்லோடு நிற்கிறார்களே, இவர்களில் ஒருத்தி நான். இவர்களுக்குப் பெயர்கூட இல்லை."

அவள் காட்டிய கட்டத்தில் பாண்டார் மக்கள் நாயகனைச் சூழ்ந்து நின்றார்கள். பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த காட்சி. அன்றுதான் எண்ணினேன்: பாண்டார். இந்தி அறிந்த எவர் காதிலும் அச்சொல் 'பந்தர்' என்பதன் அருகே போய் நிற்கும். குரங்கு. ஒரு காட்டுமக்கள் கூட்டத்துக்கு அப்பெயர். கடற்கொள்ளையர் கூட்டத்துக்கோ 'சிங்' என்று பெயர். தொடர் தொடங்கியபோது கதை நிகழும் நாட்டின் பெயர் 'பெங்காலி'. வங்கம் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த 1936இல், தொலைவில் இருந்த ஓர் இளம் எழுத்தாளர் கீழ்த்திசையின் ஒலிகளை அள்ளித் தெளித்து ஒரு நாட்டைச் செய்தார். பிற்காலத்தில் அந்நாடு ஆப்பிரிக்காவுக்கு இடம்பெயர்ந்து 'பங்கல்லா' ஆயிற்று. ஆயினும் அதன் ஏதேன் தீவில் புலிகள் வாழ்கின்றன. ஆப்பிரிக்கக் காட்டில் புலி ஏது? அவை ஆசியாவில் தொடங்கிய கதையின் எச்சம்.

இந்திரஜால் இதைக் கண்டுகொண்டது. தனக்குத் தேவையான அளவுக்கு. பெங்காலி என்பதை 'டெங்காலி' என்று மாற்றியது. ஓர் எழுத்து மாறியதும் வங்கம் கதையிலிருந்து விடுபட்டது. நாடு எங்கோ தொலைவுக்குப் போயிற்று. அங்கே நடப்பவை நம்மைப் பற்றியவை அல்ல என்றாயிற்று. பெயரைக் கொண்டு நாயகனை நம்மவனாக்கினோம். பெயரைக் கொண்டே அவன் ஆண்ட மக்களை அயலாராக்கினோம். ஒரே மொழிபெயர்ப்புச் செயலின் இரு கைகள் இவை.

முகமூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கதை என்ன? ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வெள்ளையர் குடும்பம் ஒரு காட்டில் தலைமுறை தலைமுறையாக அதிகாரம் செலுத்துகிறது. அதிகாரத்தின் அடிப்படை, அக்காட்டு மக்கள் உண்மையை அறியாதிருப்பது. முதல் ஃபேண்டம் பாண்டார் மக்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டதாகத் தொடர் கூறும். மீட்டவன் திரும்பிப் போகவில்லை என்பதையும் கூறும். பேரரசுகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையும் இதுவேதான். பதினேழே ஆண்டுகளுக்கு முன் விடுதலை பெற்ற நாடு 1964இல் இதை விரும்பி வாங்கிப் படித்தது. அவன் வெள்ளையன் என்பது நமக்குத் தெரியாமலில்லை. 'வேதாள்' என்னும் பெயர் அதை நினைக்க விடவில்லை. வங்கத்தில் அவன் தெய்வமே ஆனான்.

லீ ஃபால்க்குக்கு நியாயம் செய்ய வேண்டும். உலகம் மாறியபோது அவரும் மாறினார். 1960களில் பங்கல்லா மக்களாட்சி நாடாயிற்று. லமாண்டா லுவாகா என்னும் கறுப்பின மருத்துவர் குடியரசுத் தலைவரானார். நாயகன் அவருக்கு நண்பன், மேலாளன் அல்லன். காட்டுக் காவற்படையின் தளபதியாகக் கறுப்பினத்தவரான வொருபு வந்தார். 1977இல் நாயகன் டயானாவை மணந்தான். அவள் ஐக்கிய நாடுகள் அவையில் பணிபுரிபவள். குள்ளர் தலைவன் குரன் கதைதோறும் அறிவார்ந்த நண்பனாக வளர்ந்தான். எனினும் குகைக்குள் அரியணை இருந்தது. அதில் அமர்பவன் மாறவில்லை.

வாசகர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். படிப்பவர் வெறுமனே ஏமாறுபவர் அல்லர். பப்புவா நியூ கினியின் மேட்டுநிலத்தில் வாகி பள்ளத்தாக்கு மக்கள், 1980களில் குலச்சண்டைகள் மீண்டும் மூண்டபோது தம் போர்க்கேடயங்களில் ஃபேண்டத்தின் உருவத்தைத் தீட்டிக்கொண்டார்கள். அந்நாட்டின் டோக் பிசின் மொழி வார இதழான 'வன்டோக்' அவன் கதையை வெளியிட்டது. சாகாதவன் என்பது கேடயத்துக்கு ஏற்ற பொருள். காட்டுமக்களாகத் தம்மை வரைந்திருக்கக்கூடிய ஒரு கதையிலிருந்து, அம்மக்கள் தமக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டார்கள். கொங்கணம் செய்ததும் சிவகாசி செய்ததும் அதையே. கதை எங்கே பிறந்தது என்பது அதன் விதியை முழுதாக முடிவு செய்வதில்லை.

இதைத் தோழியிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "எங்கள் ஊர் எல்லையிலும் காவல் உண்டு. வாக்தேவ். புலித்தெய்வம். அவர் எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயே இருக்கிறார். எங்களிடம் எதையும் மறைக்கவும் இல்லை" என்றாள். பிறகு, "காட்டைக் காப்பதற்கு எங்களை நம்பாமல் வேறொருவரை நியமிப்பது காமிக்ஸில் மட்டுமா நடக்கிறது?" என்று கேட்டாள்.

அதற்கு நான் என்ன சொல்வது? 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் பிரிட்டிஷ் ஆட்சி எழுதியது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காட்டுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்பதை நாடாளுமன்றம் சட்டத்தின் முகப்பிலேயே ஒப்புக்கொள்ள 2006 ஆயிற்று. இந்திரஜால் இதழ்கள் வந்த இருபத்தாறு ஆண்டுகளும் இவ்விரண்டுக்கும் இடையே அடங்குகின்றன. அந்த ஆண்டுகளில் நகரத்துப் பிள்ளைகளாகிய நம் பெற்றோர் காடு என்றால் என்ன, காட்டுமக்கள் எப்படி இருப்பார்கள் என்பதை எங்கிருந்து கற்றார்கள்? ஓரளவேனும் அறுபது காசு இதழ்களிலிருந்து.

இதனால் அந்த இதழ்களை எரித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் மாமாவின் தகரப்பெட்டியை எவராவது தொட்டால் நானே சண்டைக்குப் போவேன். இருபத்தொரு தலைமுறை ஒரு சொல்லைக் காப்பாற்றும் கதை இன்றும் என்னை அசைக்கிறது. தந்தையின் கல்லறைக்கு முன் நின்று மகன் அந்த மோதிரத்தை அணியும் கட்டத்தை என்னால் விரைந்து கடக்க முடிவதில்லை. விரும்புவதை விரும்பிக்கொண்டே, அதனிடம் கேட்கவேண்டியதைக் கேட்பது இயலும் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு அவன் பெயரே வழிகாட்டுகிறது.

பழைய கதையில் வேதாளத்தின் தொழில் காவல் அன்று, கேள்வி. மன்னன் தோளில் அமர்ந்து கதை சொல்லும், முடிவில் கேட்கும். இவர்களில் குற்றவாளி யார்? இவர்களில் உரியவன் யார்? விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் மன்னனின் தலை வெடித்துவிடும். சொன்னாலோ வேதாளம் மீண்டும் மரம் ஏறிவிடும். மன்னன் மறுபடி நடந்துபோய்ச் சுமந்துவர வேண்டும். முகமூடி அணிந்த வேதாளரிடம் இந்தப் பண்பு மட்டும் வந்து சேரவில்லை. அவர் கேள்வி கேட்பதில்லை, கேட்கப்படுவதும் இல்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெயரைக் கொடுத்தார்கள். பெயரோடு வரவேண்டிய கேள்வியை வாசகரிடம் விட்டுவிட்டார்கள்.

"இந்தக் கதையில் நீ யார்?" என்பது அப்படி விடப்பட்ட கேள்வி. அதற்கு நான் அன்று சொன்ன விடை தவறு. நான் வேதாளர் அல்லேன், பாண்டாரும் அல்லேன். தொலைவில் அமர்ந்து, மறைபொருளை அறிந்துவிட்ட மகிழ்ச்சியில், அது யாரிடமிருந்து மறைக்கப்பட்டது என்று கேட்காமல் படித்த பிள்ளை.

போன ஞாயிற்றுக்கிழமை தோழியும் நானும் வேதாள் டேகடிக்கு ஏறினோம். கோயில் முன் நான் செருப்பைக் கழற்றினேன். கழற்றும்போது ஆரவலியின் காணிக்கைச் செருப்புகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "நடக்கிற சாமிக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்கிறவர்கள் நல்லவர்கள்" என்றாள். அந்த இந்திரஜால் இதழ் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. மீதிப் பாதியைப் படித்து முடித்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தவர் வேதாளரா, மாயாவியா, அரண்யதேவா? உங்கள் மொழியில் அவருக்கு என்ன பெயர் என்றும், அந்தக் கதையில் உங்களை யாராக நினைத்துப் படித்தீர்கள் என்றும் எழுதுங்கள். முதல் கேள்வி என் ஆய்வுக்கு உதவும். இரண்டாவது நம் எல்லாருக்கும்.